ஓர் ஆள் கூடுதல்: சின்னாளப்பட்டி வெக்கை ரூமில் இரண்டு மாலைகள்

முப்பது வருடம் செய்தி தேடிப் பேருந்திலேயே அலைந்ததில் எனக்கு மிஞ்சியது பின்கழுத்தில் ஒரு வலி. மதுரையில் எனக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், "வாரம் ரெண்டு தடவை சானாவில் உட்கார்ந்து பாருங்க சார், தசை தளரும், தூக்கமும் வரும்" என்றார். விசாரித்தேன். நட்சத்திர ஓட்டலில் ஒரு தடவைக்கு ஐந்நூறு ரூபாய். திண்டுக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ரூபாய் என்றார்கள். சித்திரை மாதம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றால் இலவசமாகவே கிடைக்குமே என்று நினைத்துச் சிரித்தேன். ஆனால் அது 2006 மார்கழி. வலி தூங்க விடவில்லை. கிளம்பிவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சானா என்பது நீராவிக் குளியல் அல்ல. மரப்பலகையால் ஆன சிறிய அறை, உள்ளே ஓர் அடுப்பு, அடுப்பின் மேல் கற்கள். கற்கள் காய்ந்து அறை முழுவதும் உலர்ந்த சூடு ஏறும். நடுநடுவே கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் சூடு அலையாக வந்து முகத்தில் அறையும். வியர்த்து, வெளியே வந்து, குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது வழக்கம்.

மதுரை ஆரப்பாளையத்தில் மதியம் ஒன்றரைக்குப் பேருந்து ஏறினேன். சின்னாளப்பட்டி பிரிவுக்கு டிக்கெட் பதினெட்டு ரூபாய், ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்று மணிக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து சிறுமலை அடிவாரம் நோக்கி நாலு கிலோமீட்டர் ஆட்டோ, நாற்பது ரூபாய். பேரம் பேசினால் முப்பத்தைந்து.

"பீட்டர் தோட்டமா சார்? வெக்கை ரூமுக்கா?" என்றார் ஆட்டோக்காரர். "கூட ஆளு வருதா?"

"இல்லை, நான் மட்டும்தான்."

"அது பரவால்ல. உள்ள ஆளு இருக்கும்."

"இன்றைக்கு யார் வருவார்கள் என்று தெரியுமா?"

"யாரும் வராட்டியும் இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் சிரித்தாரா என்று கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கவில்லை.

பீட்டருக்கு அறுபது வயதிருக்கும். கப்பலில் இயந்திர அறை ஃபிட்டராக இருந்தவர். வடக்கத்திக் கடல்களில் ஓடிய ஒரு கப்பலில் மாலுமிகளுக்கென்று சானா இருந்ததாம். "வெளிய ஐஸு சார். உள்ள போயி உக்காந்தா நம்மூரு சித்திரை. மொத நாளு அழுகையே வந்துருச்சு" என்றார். ஊர் திரும்பியதும் வாழைத் தோட்டத்து ஓரத்தில் இதைக் கட்டினார். பலகைகள் கொடைக்கானல் எஸ்டேட்டிலிருந்து வந்த சில்வர் ஓக். அடுப்பை அடித்துக் கொடுத்தவர் திண்டுக்கல்லில் இரும்புப் பெட்டி செய்யும் பட்டறைக்காரர்; அதனால் அடுப்புக்கு ஒரு சாவித் துவாரம் உண்டு, சாவி கிடையாது. விறகு போடும் வாய் அறைக்கு வெளியே, பின்பக்கம். அறைக் கதவு முன்பக்கம், வெளிப்புறமாகத் திறக்கும், தாழ்ப்பாள் இல்லை. உள்ளே இரண்டு அடுக்குப் பலகை இருக்கை. கீழ்ப் பலகையில் அறுபது டிகிரி, மேலே எண்பது. ஒரு மூலையில் சிறிய மஞ்சள் பல்பு. ஜன்னல் இல்லை.

அன்று மாலை நான்கு பேர் உள்ளே போனோம். நான், பக்கத்துத் தோட்டத்து வாழை விவசாயி இன்னாசி, லாரி ஓட்டும் பாண்டி, சின்னாளப்பட்டி நெசவாளர் குருசாமி. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் தோட்டத்தில் மோட்டார் பார்க்கும் செல்லையா. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து உதடு அசைய எண்ணிக்கொண்டார்.

குருசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. தறியில் ஊடு நூல் பாய்ச்சும் நாடாவை இழுத்துவிடும் வலது கை, தோளில் இறுகிப்போய்விட்டது. மார்புக்கு மேல் ஏறாது. வெக்கை ரூமில் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு நாள் தறியில் உட்கார முடிகிறது, இல்லையென்றால் சேலை பாதியில் நிற்கிறது. அதே சமயம் அவர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இந்தச் சூடு உங்களுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கையா, நெஞ்சா என்ற கேள்விக்கு அவர் கை என்று முடிவு செய்து, வாரத்துக்கு மூன்று நாள் மேல் பலகையில் ஏறிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார்" என்றார் பாண்டி. "வேகுறதுக்கு அப்பர் பெர்த்து கேக்குற ஒரே ஆளு இவருதேன்."

"நீ ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தே சம்பாதிக்கிறவன்" என்றார் குருசாமி. "எனக்குக் கை ஆடணும்ல."

நானும் மேலே ஏறி இடது மூலையில் உட்காரப் போனேன். இன்னாசி என் முழங்கையைத் தொட்டார். "சார், அது ஆளு இருக்க எடம். இந்தப் பக்கம் வாங்க."

மூலையில் யாரும் இல்லை. நகர்ந்து உட்கார்ந்தேன். கண் மங்கல் வெளிச்சத்துக்குப் பழகியதும் ஒன்று தெரிந்தது. ஆட்கள் உட்காரும் இடங்களில் வியர்வை பட்டுப் பலகை கருத்திருந்தது. உட்காராத ஓரங்கள் வெளுப்பு. யாரும் உட்காராத அந்த மூலைதான் எல்லாவற்றையும் விடக் கருப்பு.

முதல் ஐந்து நிமிடம் மூக்கு எரியும். வாயால் மூச்சு விடாதீர்கள். பிறகு வியர்வை கண்ணுக்குள் இறங்கும். அதற்குப் பிறகு, உண்மையைச் சொல்கிறேன், பல மாதங்களாகக் கழுத்தில் உட்கார்ந்திருந்த யாரோ மெல்ல இறங்கிப் போவது போல் இருந்தது. பத்து நிமிடத்தில் இன்னாசி எழுந்தார். வாசலில் நின்று, வெளியேறும் ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்தார். கடைசியாக மூலையைப் பார்த்து, சாதாரணக் குரலில், "எந்திரிங்க ஏவாரி, போவோம்" என்றார். கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டார். பிறகு செல்லையாவிடம், "அஞ்சு" என்றார்.

"அஞ்சு. சரி" என்றார் செல்லையா.

நாங்கள் நான்கு பேர்.

வாசலுக்கு வெளியே இருந்த தொட்டியில் கழுத்தளவு குளிர்ந்த தண்ணீரில் இருக்கும்போது கேட்டேன். இன்னாசி மறைக்கவில்லை. ரூம் கட்டின முதல் மார்கழியில் அய்யலூர்ச் சந்தைக்கு வந்துபோகும் ஓர் ஆட்டு வியாபாரி, இவர்கள் பேச்சில் ஏவாரி, இங்கே வந்தார். நல்ல அலுப்பு. மூலையில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். மற்றவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பார்க்கும்போது உயிர் இல்லை. மாரடைப்பு என்று முடிந்தது. அதிலிருந்துதான் வாசலில் ஆள் போடும் வழக்கம். இந்தக் கூடுதல் எண்ணிக்கை மட்டும் இவர்களாகச் சேர்த்தது.

"விட்டுட்டு வந்துட்டோம்ல சார்" என்றார் இன்னாசி. "திரும்பவும் விட்டுட்டுப் போறானுகளேன்னு அவரு நெனைக்கக் கூடாதுல்ல."

பீட்டருக்கு இது பிடிக்கவில்லை. "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் கெடையாது சார். நான் தலையை எண்ணுவேன். மூச்சு விடுற தலையை" என்றார்.

அன்று இரவு திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜில் தங்கினேன், நூற்றைம்பது ரூபாய். கழுத்தைத் தலையணையில் வைத்ததுதான் தெரியும். விடிந்துவிட்டது. மறுநாள் மாலையும் போனேன். ஒரு நாளில் எழுதிவிடக் கூடாது என்பது தொழில் பழக்கம்.

இரண்டாவது மாலை செல்லையா இல்லை. வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். வாசலையும் அடுப்பையும் பீட்டர் ஒருவரே பார்த்துக்கொண்டார். அதே நான்கு பேர். பீட்டர் எங்கள் தலைகளை எண்ணி, "நாலு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு விறகு தள்ளப் பின்பக்கம் போனார். குளிர் கூடுதல் என்பதால் அடுப்பு முந்தைய நாளை விட எரிந்தது. குருசாமி நேராக மேலே ஏறி, காலியாக விட்ட மூலைக்கு அடுத்தாற்போல் சாய்ந்துகொண்டார். அன்று அவர் பேசவில்லை. சேலை ஒன்றை மறுநாள் கொடுத்தாக வேண்டும் என்று வரும்போதே சொல்லியிருந்தார்.

ஆறே முக்கால் இருக்கும். மின்சாரம் நின்றது.

ஜன்னல் இல்லாத அறையில் இருட்டு எப்படி இருக்கும் என்று சொல்வது கடினம். எண்பது டிகிரியில் இருட்டுக்கு எடை உண்டு. என் கை எனக்குத் தெரியவில்லை. எனக்கு இடது பக்கத்தில் இரண்டு மூச்சுச் சத்தம் கேட்டது. ஒன்று குருசாமியுடையது என்று நினைத்தேன்.

"எல்லாரும் எறங்குங்க, செத்த நேரம் வெளிய நிப்போம்" என்றார் இன்னாசி. கதவைத் தள்ளினார். வெளியேயும் இருட்டுதான். என் தோளில் அவர் கை பட்டது. குளிர் முகத்தில் பட்டதும் தலை சுற்றி, தொட்டிச் சுவரைப் பிடித்து நின்றேன். பின்னால் பாண்டி வந்து இடித்துக்கொண்டார். "எந்திரிங்க ஏவாரி, போவோம்" என்று இன்னாசி சொல்வது கேட்டது.

பின்பக்கத்திலிருந்து பீட்டர் கத்தினார். "எத்தனை பேருய்யா?"

"நாலு" என்றார் இன்னாசி.

"நாலா? சரி. எல்லாம் வந்தாச்சு."

ஒருவர் எண்ணுவது, இன்னொருவர் சரிபார்ப்பது என்று அங்கே வேலை பிரித்திருந்தார்கள். செல்லையா ஸ்டூலில் இருந்திருந்தால், நாலு என்று கேட்டதும் ஒன்று குறைகிறதே என்று எழுந்திருப்பார். பீட்டர் மனதில் வைத்திருந்ததோ மூச்சு விடும் தலைகளின் நாலு. இன்னாசி சொன்னதோ பாண்டி, நான், இன்னாசி, அப்புறம் ஏவாரி. இரண்டு கணக்கும் அவரவர் வழியில் சரி. சரி என்ற சொல்லைக் கேட்டதும் இன்னாசியும் தொட்டிக்கு வந்துவிட்டார். குருசாமி ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்தோம்.

அப்போது தட்டும் சத்தம் வந்தது. அறையின் உள்ளிருந்து. அவசரமில்லாமல், ஒரு வீட்டுக்குப் புதிதாக வந்தவர் கதவைத் தட்டுவது போல.

"பலகை ஆறுது" என்றார் பீட்டர், பின்பக்கத்திலிருந்தே.

"அடுப்பு எரியுறப்ப பலகை எப்பிடிண்ணே ஆறும்?" என்றார் பாண்டி.

மறுபடி தட்டியது. இன்னாசி, "குருசாமி" என்று தொட்டியைப் பார்த்துக் கூப்பிட்டார். தண்ணீர் அசையவில்லை. அவர் ஓடிய ஓட்டத்தில் ஸ்டூல் உருண்டது.

பீட்டர் டார்ச்சோடு வந்தார். குருசாமி மேல் பலகையில் இல்லை. கீழே, தரையில், அடுப்புக்கு எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி ஒருக்களித்துக் கிடந்தார். கதவிலிருந்து ஆறடி தூரம். இரண்டு கையும் மார்புக்குள் மடங்கியிருந்தன. தோல் தீயாய்ச் சுட்டது, உதடு வெளுத்திருந்தது. தூக்கி வெளியே கொண்டுவந்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். தொட்டிக்குள் இறக்கப் போன பாண்டியைப் பீட்டர் தடுத்தார்; சூடேறி மயங்கிய உடம்பைச் சட்டென்று குளிர்ந்த நீரில் இறக்கினால் நெஞ்சு தாங்காதாம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். பீட்டரின் ஜீப்பில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மேலே இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார், தரைச் சூடு குறைவு என்பதால் தப்பினார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டில் ஓரத்தில் அவர் மனைவி முத்துலட்சுமி நின்றார்.

"முப்பது ரூவா குடுத்து வெந்துட்டு வந்துருக்காக" என்றார் என்னிடம். "வீட்டுல சும்மா சொல்லியிருந்தா பொங்கப்பானைக்குப் பக்கத்துல உக்கார வச்சிருப்பேன்."

குருசாமிக்குச் சிரிக்க முடிந்தது. எப்படிக் கீழே இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னாங்கல்ல சார். 'கீழ எறங்கிப் படு'ன்னு காதுகிட்ட சொன்னாங்க. இன்னாசின்னு நெனச்சேன்."

இன்னாசியிடம் பிறகு கேட்டேன். அவர் சொல்லவில்லை. பாண்டியும் இல்லை. தட்டிய சத்தத்தையும் விசாரித்தேன். நான்கு பேர் கேட்டிருக்கிறோம். பீட்டர் கதவைத் துடைத்தபோது, கதவின் உட்புறம் மேல் பலகையில் தூசியும் புகையும் படிந்த இடத்தில், விரல் முட்டி பட்டது போன்ற தடங்களைப் பார்த்திருக்கிறார். என் தலைக்கும் மேலே இருந்தன. அவை எப்போது விழுந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. மயங்கிக் கிடந்த மனிதர், கை மார்புக்கு மேல் ஏறாதவர், ஆறடி தள்ளி அங்கே தட்டியிருக்க முடியாது என்பதை மட்டும் என்னால் எழுத முடியும்.

இனி என் அனுபவத்தில் சொல்லக்கூடியது. தை, மாசி இரண்டு மாதமும் வாரம் ஒரு முறை போனேன். கழுத்து வலி முழுதாகப் போகவில்லை, பாதி குறைந்தது. தூக்கம் நிச்சயமாக மேம்பட்டது. சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிந்து தசை தளர்கிறது, இறுகிய மூட்டு கொஞ்ச நேரம் இளகுகிறது என்று என் டாக்டர் சொன்னார். வியர்வையோடு உடம்பின் நஞ்செல்லாம் போய்விடும் என்று சிலர் சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அது சிறுநீரகத்தின் வேலை என்றார். எடை குறைந்ததாகத் தராசு காட்டும். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். முதல் தடவை கீழ்ப் பலகையில் ஐந்து நிமிடம் போதும். போவதற்கு முன் உப்புப் போட்ட மோர் குடியுங்கள், வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், குடித்துவிட்டுப் போகவே போகாதீர்கள். ரத்தக் கொதிப்புக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கதவருகில்கூடப் போக வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே. தனியாக ஒருபோதும் வேண்டாம்.

குருசாமி மறுபடி வந்தார். அதைத் தடுக்க முடியாது என்று முத்துலட்சுமிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தறி நின்றால் வீடு நிற்கும். டாக்டரிடம் அவரே கூட்டிப்போய்ச் சண்டை போட்டு ஒரு வழிக்கு வந்தார். மாத்திரை நேரம் மாறியது. கீழ்ப் பலகை, எட்டு நிமிடம், வாரம் இரண்டு முறை. அப்புறம் முத்துலட்சுமி செய்த காரியம், செல்லையாவின் ஸ்டூலை அவர் எடுத்துக்கொண்டார். குருசாமி உள்ளே போகும் நாளெல்லாம் வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

எண்ணிக்கையை அவர் முதலிலேயே ஒழித்துவிட்டார். "எண்ணுறதுக்கு நீங்க என்ன அய்யலூருச் சந்தை ஆடா?" என்று இன்னாசியைக் கேட்டார். "பேரைச் சொல்லுவேன். அவுகவுக வாயால பதில் சொல்லணும்." வெளியே வருமுன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். இன்னாசி, பாண்டி, என் பெயர், தன் கணவரை மட்டும் "இந்தாங்க". எல்லோரும் பதில் சொல்லி வெளியே வந்தோம்.

இன்னாசி மட்டும் கதவருகில் தயங்கி நின்றார். முத்துலட்சுமிக்குப் புரிந்தது.

"அவரு பேரு என்ன?" என்றார்.

இன்னாசி பாண்டியைப் பார்த்தார். பாண்டி குருசாமியைப் பார்த்தார். இத்தனை மார்கழியாக ஏவாரி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

பின்பக்கம் விறகு தள்ளும் சத்தம் நின்றது. "மூக்கையா" என்றார் பீட்டர், அங்கிருந்தே. மூச்சு விடும் தலையை மட்டும் எண்ணுகிறவர்.

ஆகவே, இந்தப் பதிவைப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கட்டணம் இப்போது நாற்பது. மாலை நாலு முதல் ஏழு வரை, ஞாயிறு விடுமுறை. இடது மூலையில் உட்காராதீர்கள். பெயர் கூப்பிட்டால் உரக்கப் பதில் சொல்லுங்கள், தலையாட்டினால் அந்த அம்மாவுக்குப் போதாது. எல்லோரும் வந்த பிறகு இன்னொரு பெயர் கூப்பிடுவார்கள். அது வரை துண்டைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், சிரிக்க வேண்டாம். அன்றைக்கு, "மூக்கையாண்ணே, வாங்க" என்று அவர் அறைக்குள் பார்த்துச் சொன்னபோது நாங்கள் நால்வரும் நின்றுகொண்டிருந்தோம். காற்று இல்லை. வெளிப்புறமாகத் திறக்கும் அந்தக் கதவு ஒரு சாண் விரிந்தது, எங்களுக்கு நடுவே சூடு ஒரு முறை கடந்து போனது, கதவு தானாக மூடிக்கொண்டது.

முத்துலட்சுமி ஸ்டூலை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "சரி" என்றார். "எல்லாரும் வந்தாச்சு."